ஆழம் குறைந்த கிண்ணங்கள்

பெட்டிக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் அந்தத் தெருவில் யாராலும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. தச்சர் என்றால் கட்டில் எங்கே, நாற்காலி எங்கே என்ற கேள்வி வரும். பூட்டுக்காரர் என்றால் அதுவும் பாதிதான் சரி. அவர் செய்ததெல்லாம் கடைகளின் கல்லாப்பெட்டிகள். மேசைக்குள் ஓடும் இழுப்பறை, அதற்குள் பணத்துக்கான அறைகள், ஒரு பூட்டு, திறக்கும்போது ஒலிக்கும் சின்ன மணி, அவ்வளவுதான். வாலிபத்தில் ஜன்னல் சட்டம் இழைக்கும் பட்டறையில் இருந்தார். எதிர்க்கடையில் ஒரு நாள் இழுப்பறை சிக்கிக்கொண்டு, உள்ளே பணமும் வெளியே வாடிக்கையாளருமாகக் கடைக்காரர் தவித்தபோது போய் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அதுவே பிழைப்பாகிவிட்டது. பெரிய ஆசையால் வந்த தொழில் அல்ல. ஆனால் வந்ததை ஒழுங்காகச் செய்தார்.

"ஊர்ப் பணத்துக்கெல்லாம் வீடு கட்டிக் குடுக்குறாரு. எங்க வீட்டுப் பணம் மட்டும் பிளாட்பாரத்துல படுத்துக் கெடக்கு" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அவளும் கல்லாப்பெட்டியால் பிழைத்தவள்தான். கடைத்தெரு முனையில் இருந்த பெரிய மளிகைக் கடையில், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் கல்லாவில் உட்கார்ந்தாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அங்கேயேதான் இருந்தாள். கடையில் முதலாளி முதல் மூட்டை தூக்குபவர் வரை எல்லோருக்கும் அவள் 'கல்லாக்கா'. பணம் வாங்கும்போதும் மீதி கொடுக்கும்போதும் அவள் கீழே பார்க்க மாட்டாள். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, "அம்மாவுக்கு உடம்பு தேவலையா?", "என்ன, இன்னைக்கி சோப்பு மட்டும்தானா? வீட்டுல சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டால் உரசும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சாமானுக்காக மட்டும் வரவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. மதிப்பில் குறைந்த இரண்டு நோட்டுகளும் இனி அச்சாகாது, அவற்றுக்குப் பதிலாகக் காசு வரும் என்றார்கள். காகிதம் கிழிகிறது, அழுக்காகிறது, உலோகம் நாள்பட நிற்கும் என்பது காரணம். மறுக்க முடியாத காரணம்தான்.

பெட்டிக்காரருக்குத் தலைக்கு மேல் வேலை வந்தது. நோட்டு படுத்துக் கிடக்கும் பொருள். அதற்கு நீளமான அறையும், மேலே அமுக்கிப் பிடிக்க ஒரு கம்பியும் போதும். காசு உருளும், குவியும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கனக்கும். அவர் கம்பிகளைக் கழற்றினார். தடுப்புகளை உடைத்தார். நீள அறைகள் இருந்த இடத்தில் தகட்டை வளைத்துக் கிண்ணங்கள் பொருத்தினார். கனம் தாங்க அடிப்பலகையைத் தடிமனாக்கி, இழுப்பறை ஓடும் பக்கத்துச் சேனல்களை மாற்றி, புது பேரிங் போட்டார். காகிதத்துக்காகச் செய்த இழுப்பறையில் காசைக் கொட்டினால் முதல் வாரமே முன்பக்கம் தொங்கிவிடும். அது தெரியாமல் சொந்தமாகக் கிண்ணம் வாங்கிப் போட்ட கடைக்காரர்கள் பிறகு அவரிடமே வந்தார்கள்.

மளிகைக் கடை முதலாளி முன்பே ஆள் அனுப்பி அவரை வரவழைத்துவிட்டார்.

"கிண்ணத்த நல்லா ஆழமாப் போடுங்க பெட்டிக்காரரே. காலைல ஒரு தடவ கொட்டினா சாயங்காலம் வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது."

"ஆழமாப் போட்டா அடியில கெடக்குற காசு எடுக்கக் கொஞ்சம் சிரமம் முதலாளி."

"யாருக்கு, உங்க வீட்டம்மாவுக்கா? கண்ணக் கட்டி விட்டாலும் எடுத்துக் குடுக்கும் அது!"

கல்லாக்கா பக்கத்தில்தான் இருந்தாள். வழக்கமாக அப்படிச் சொன்னால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்காரர் ஆழமாகவே போட்டார்.

புதுக் காசு புழக்கத்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கல்லாவின் முன்னால் வரிசை நீளத் தொடங்கியது. கல்லாக்கா கிண்ணத்துக்குள் விரலை விட்டால் எடுக்க நேரமாயிற்று. எடுத்தது இரண்டா மூன்றா என்று உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சில சமயம் கூடுதலாகப் போயிற்று, சில சமயம் குறைந்தது. முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"என்னக்கா, கெணத்துல தூர் வாருறீங்களா?" என்றார் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்.

"காசு முட்ட போட்டுக் குஞ்சு பொரிக்கட்டும்யா. நாம அப்பறம் வருவோம்" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை, அவளுக்கும்தான்.

ஒரு நாள் முதலாளி தனியே கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "கொஞ்ச நாளைக்கி உள்ள எடை போடுற பக்கம் இருங்கக்கா. கூட்டம் கொறஞ்சதும் பாத்துக்கலாம்" என்றார். அந்தக் கடையில் கூட்டம் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, "நீங்க செஞ்ச பெட்டி சரியில்ல" என்றாள்.

பெட்டிக்காரர் சோற்றுத் தட்டில் வைத்த கையை எடுத்தார். "என்ன சரியில்ல?"

"கிண்ணம் சரியில்ல. கை உள்ள போனா வெளிய வர மாட்டேங்குது. என்னைய உள்ள தள்ளிட்டாங்க, எடை போட."

"கடத்தெரு முழுக்க இதே கிண்ணந்தான் போட்டுக் குடுத்திருக்கேன். ஒருத்தரும் ஒரு குத்தம் சொல்லல."

"அவங்கள்லாம் உங்க பொண்டாட்டி இல்ல. மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா?"

அவர் சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து போனார். அத்தனை வருஷத்தில் அவர் வேலையை ஒருவரும் குறை சொன்னதில்லை. முதல் தடவை சொன்னது இவள். கோபம் ஓர் இரவு இருந்தது. விடிந்ததும் அது வேறொன்றாக மாறியிருந்தது. கை தடுமாறினால் காரணம் பெட்டியில்தான் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. மனிதர்மேல் பழி போடுவதைவிட அது நல்ல நம்பிக்கைதான். ஆனால் நல்ல நம்பிக்கையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவள் இடம் போனது தன் கிண்ணத்தால் என்றால், அந்த இடத்தைத் திருப்பிக் கொண்டுவருவதும் தன் கிண்ணத்தால்தான் ஆக வேண்டும் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

ஓர் அட்டையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். "கைய வை."

"எதுக்கு? ரேக பாக்கப் போறீங்களா?"

"ஆயுசு இருக்கான்னு பாக்குறேன்."

"யாருக்கு? எனக்கா, பெட்டிக்கா?"

விரல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். அவள் பெரிய கூச்சக்காரி. மணமான புதிதில் கையில் எறும்பு ஊர்ந்தாலே வீடு அதிரக் கத்துவாள். பென்சில் முனை விரலிடுக்குகளில் ஏறி இறங்கியபோது அசையாமல் இருந்தாள். வயதானால் பொறுமை வந்துவிடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த அட்டையை எதிரே மாட்டிவைத்துக்கொண்டு அவர் செய்த பெட்டி அதற்கு முன் யாரும் செய்யாதது. கிண்ணங்களில் ஆழமே இல்லை. பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் சரிந்து, உதட்டைப் போல வெளியே வளைந்திருந்தன. காசை எடுக்க வேண்டியதே இல்லை. விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு கைக்கு வந்துவிடும். மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து இதைச் செய்தார். கேட்க வந்த கடைக்காரர்களிடம் எரிந்து விழுந்தார்.

ஒரு விடுமுறை நாளில் அவளைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். பட்டறை என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையும் ஒரு விளக்கும்தான்.

"இந்தா, தடவிப் பாரு. எப்படி இருக்கு?"

அவள் முதல் கிண்ணத்தின் விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தாள். "நல்லா வழுவழுன்னு இருக்குங்க" என்றாள்.

அடுத்த கிண்ணத்தைக் காட்ட வாயெடுத்தவர் நின்றுவிட்டார். விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. அவர் அரம் போட்டுத் தேய்த்தது இரண்டாவதிலிருந்துதான். வெட்டிய தகட்டின் பிசிறு முதல் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. தான் தேய்க்க மறந்த இடத்தைத்தான் வழுவழு என்று சொல்கிறாள்.

"கையக் காட்டு."

அவள் குனிந்து பார்த்த பிறகுதான் விரலை மடக்கினாள்.

"வலிக்கலையா?"

அவள் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"எத்தன நாளா இப்படி?"

"நாள் கணக்கெல்லாம் இல்லைங்க." அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "சர்க்கரையால வர்றதுதான்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு. நோட்டு இருந்தவரைக்கும் சமாளிச்சேன். நோட்டு கண்ணோரத்துல தெரியும், காதுல கேக்கும். காசு விரலுக்கு மட்டுந்தான் தெரியுது. விரலு செத்துப்போச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. பெட்டி சரியில்லன்னு என்னைத் திட்டினியே?"

"கைன்னு சொன்னா கை போச்சுன்னு ஆயிடும்." விரலை வாயில் வைத்துச் சூப்பிவிட்டு எடுத்தாள். "பெட்டின்னா நீங்க சரி பண்ணிடுவீங்கன்னு நெனச்சேன்."

பெட்டிக்காரர் துணியைக் கிழித்து அவள் விரலில் சுற்றினார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவளிடம் கேட்பதில் பயனில்லை என்று புரிந்தபோது முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினார். பிறகு அரத்தை எடுத்து முதல் கிண்ணத்தைத் தேய்த்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் அந்த இழுப்பறையைத் தோளில் வைத்துக்கொண்டு அவரே முதலாளியிடம் போனார். கை விஷயம் சொல்லவில்லை. கிண்ணத்தில் தப்பு நடந்துவிட்டது, கூலி வேண்டாம், இதை மாட்டிக் கல்லாக்காவை ஒரு காலை மட்டும் உட்கார வைத்துப் பாருங்கள் என்றார். முதலாளி முன்பக்கச் சரிவில் விரலை ஓட்டிப் பார்த்தார். "சரி, பாக்கலாம்" என்றார்.

அவள் திரும்ப அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது மூட்டை தூக்குபவர் விசிலடித்தார். பெட்டிக்காரர் பூட்டைச் சரிபார்க்கிற சாக்கில் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் ஆள் வந்தார், இரண்டாவது ஆள் வந்தார். காசு வழுக்கிக்கொண்டு வந்தது. விரல் எடுக்கத் தேவையில்லை, இழுத்தால் போதும். வரிசை நகர்ந்தது. அவள் தலை மெல்ல நிமிர்ந்தது. "என்னம்மா, பையனுக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்ததும், பெட்டிக்காரர் ஒன்றும் கோளாறில்லாத பூட்டை ஓசைப்படாமல் மூடித் திறந்தார்.

அப்போது தையற்காரர் வந்தார். நூலும் தீப்பெட்டியும் வாங்கினார். எத்தனையோ வருஷப் பழக்கம். அவள் மீதியை அவர் கையில் கொடுத்து, பேச்சையும் கொடுத்தாள். அவர் கையைப் பார்த்துவிட்டு, "ஒரு காசு கொறையுதேக்கா" என்றார்.

"இல்லண்ணே, சரியாத்தான் குடுத்தேன்."

"இங்க பாருங்க, ரெண்டுதான் இருக்கு."

"மூணு குடுத்தேண்ணே. என் கையால எடுத்துக் குடுத்தேன். நான் பொய் சொல்லுவனா?" அவள் குரல் உயர்ந்தது. "இத்தன வருஷத்துல ஒருத்தர ஏமாத்தினேன்னு யாராவது சொல்லட்டும்!" என்று கையை விரித்து வீசினாள்.

அந்த மூன்றாவது காசு அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து தெறித்து மேசையில் விழுந்தது. உருண்டு ஓடித் தையற்காரரின் தீப்பெட்டியில் மோதிப் படுத்தது.

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையற்காரர்தான் அவசரமாகக் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "எல்லாருக்கும் நடக்குறதுதான், விடுங்கக்கா" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவள் உட்கார்ந்தே இருந்திருப்பாளோ என்னவோ.

அவள் எழுந்தாள். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "வாடிம்மா, நீ உக்காரு. எடுக்க வேணாம், விரலால இழு, தானா வரும்" என்று செய்து காட்டினாள். அந்தப் பெண் ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குக் காசு தண்ணீர் மாதிரி வந்தது.

முதலாளி பெட்டிக்காரரை ஓரமாக அழைத்துப் போனார். அவரும் கலங்கித்தான் இருந்தார், ஆனால் வியாபாரி. "அக்காவுக்கு உள்ள வேல எப்பவும் உண்டு. நெனச்சா வரட்டும்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க. இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும். நம்ம அடுத்த கடைக்கு" என்றார்.

பெட்டிக்காரர் தலையாட்டினார். மறுக்க ஒரு காரணமும் இல்லை. நல்ல பெட்டி அது.

இருவரும் வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சாலையைக் கடக்க வேண்டும். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் எதிரே பார்த்தபடி நின்றாள்.

"வாங்க, போலாம். கையப் பிடிச்சுக்கங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பிடியை மணிக்கட்டுக்கு நகர்த்தினார். அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தி, மெல்ல அழுத்தினார். அதற்கும் அவள் திரும்பவில்லை. முழங்கைக்குச் சற்றுக் கீழே வந்தபோதுதான், "ம்" என்று சொல்லி அவர் பக்கம் சாய்ந்தாள்.

அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் சாலையில் இறங்கினார்.