அத்தானின் கெட்டில்

எங்கள் பக்கம் வினாகிரி என்று சொல்லும் வினிகர் கொதிக்கும் ஆவி மூக்கில் ஏறினால் எனக்கு அத்தானின் முகம்தான் நினைவுக்கு வரும். நேற்றும் வந்தது. எங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. பாதி தண்ணீரும் பாதி வினாகிரியுமாக ஊற்றிக் கொதிக்கவைத்து, சுவிட்சை அணைத்து அப்படியே ஆறவிட்டேன். கொஞ்ச நேரத்தில் படிவு செதில் செதிலாக இளகி மிதக்கத் தொடங்கியது. அதைக் கொட்டிவிட்டு, வாடை போகும்வரை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டினேன். வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. மின்சாரம் ஏறும் அடிப்பாகத்தில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அப்படிப் பட்டுவிட்ட ஒரு நாளை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

அத்தான் என் அக்காளின் கணவர். கடியப்பட்டணத்துக்காரர். கல்யாணமான சூட்டோடு வளைகுடாவுக்குப் போய், ஒரு மீன்பிடிக் கம்பெனியின் படகில் வேலை பார்த்தவர். கரைக்கு வந்தால் தங்குவதற்கு ஒரு கேம்ப் அறை. அங்கே அடுப்பு வைக்க அனுமதி கிடையாது. ஆளுக்கொரு கெட்டில்தான். சாயா, முட்டை, உருளைக்கிழங்கு, நூடுல்ஸ் எல்லாம் அதிலேயே வெந்தன. அவரும் அக்காளும் சேர்ந்திருந்த நாட்கள் எல்லாமே லீவு நாட்கள். மகள் பிறந்ததையும் வளர்ந்ததையும் அவர் பெரும்பாலும் போனில்தான் கேட்டறிந்தார். கடைசியில் முதுகுவலி தாங்காமல் வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே அந்தச் சிறிய கெட்டிலும் இருந்தது.

அப்போது எனக்குக் குளச்சல் பக்கம் பள்ளிக்கூட வேலை. அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். விடிவதற்கு முன்பே அத்தான் எழுந்துவிடுவார். சத்தம் காட்டாமல் அடுக்களைக்குப் போய்க் கெட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீர் சூடாக்கி, பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டு, நின்றபடியே குடிப்பார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்துவிடுவார். கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கெட்டிலைச் சும்மா விடவில்லை. "அங்க வருசக்கணக்கா கண்ணாடி மாதிரி இருந்தது. நம்ம ஊரு தண்ணியில ஒரு மாசம் தாங்கல்ல பாத்தியா" என்று என்னிடம் சொல்லுவார். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் வினாகிரி ஊற்றிச் சுத்தம் செய்வார். தன் வீட்டில் அவர் உரிமையோடு செய்த வேலை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். மற்றதெல்லாம் அக்காளின் கையில் எப்போதோ படிந்துபோயிருந்தது. மிளகாய்ப்பொடி எங்கே இருக்கிறது என்றுகூட அவர் கேட்டுத்தான் எடுப்பார்.

அக்காளுக்கு அந்தக் கெட்டிலைக் கண்டாலே முகம் சுருங்கும். வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரு நாள் விருந்துக்கு வந்திருந்த சித்தி அதைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, மாப்பிள தனி அடுப்பா வச்சிருக்காரு?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அத்தான் வெளியே போயிருந்த நேரத்தில் கெட்டிலை எடுத்து, தொட்டித் தண்ணீரில் முழுசாக முக்கி, கம்பிச் சுருளால் தேய்தேய் என்று தேய்த்தாள். என்ன தேய்த்தும் அந்த வெள்ளை போகவில்லை.

மறுநாள் விடியலில் அடுக்களையில் 'டப்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. நான் டார்ச்சோடு ஓடினேன். அத்தான் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். ஷாக் அடித்திருந்தது. எனக்கு முன்பே அக்காள் அங்கே வந்திருந்தாள். என் எதிரில் அவரைத் தொட்டுக்கூடப் பேசாதவள், அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் தண்ணியில முக்கினேன். நான்தான் முக்கினேன்" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி. நீ கழுவத்தான செய்தா" என்றார் அத்தான்.

அவள் அழுது ஓய்ந்தபிறகு கேட்டாள். "நான் போடுத சாயா அவ்வளவு மோசமா?"

அத்தான் திகைத்துப்போனார். "படகுக்குப் போன பழக்கத்துல முழிப்பு வந்துருது. நீ நல்லா உறங்குவ. எழுப்பாண்டாம்ணு நெனச்சேன்."

"எழுப்பினா என்னவாம்? இத்தன வருசமா என்ன எழுப்ப ஆரு இருந்தா?"

அத்தான் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டார்ச்சை அணைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை இருவரும் குளச்சலுக்குப் போய்ப் பெரிய கெட்டில் ஒன்று வாங்கி வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பொருள் வாங்க அவர்கள் சேர்ந்து கடைக்குப் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை. கடைக்காரரிடம் அத்தான் விலை கேட்கவேயில்லை என்று அக்காள் குறைபோலச் சொன்னாள். அதன்பிறகு விடியற்காலையில் அடுக்களையிலிருந்து இரண்டு குரல்கள் கேட்கும். மீன் விலை, மகளின் படிப்பு, யார் வீட்டுக் கல்யாணம் என்று சாதாரணப் பேச்சுத்தான். சிலநேரம் சண்டையும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை வினாகிரி வாடைக்கு அக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசுவாள். ஏசினாலும் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். அத்தான் அடுக்களையில் எதையும் கேட்காமல் எடுக்கத் தொடங்கியிருந்தார்.

போன மழைக்காலத்தில் அத்தான் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் பெங்களூரில் இருக்கிறாள். தன்னோடு வந்துவிடும்படி அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, கடைசியில் என்னைப் பேசச் சொன்னாள். போன வாரம் போயிருந்தேன். தனியாக இருக்கவேண்டாம், அங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த நியாயத்தையெல்லாம் சொன்னேன். அக்காள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்லுதது சரிதான் மக்கா. ஆனா நானும் அவரும் ஒண்ணா இருந்தது இந்த வீட்டுலதான். அதுவும் கொஞ்சக் காலந்தான். அதுக்குள்ள இந்த வீட்ட விட்டுட்டு நான் எங்க போறது?"

நான் அக்காள் மகளுக்குப் போன் செய்து, அம்மா வரமாட்டாள், இனிமேல் கேட்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.