பன்னிரண்டாவது குழி

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குச் சன்னலைச் சாத்துவார்கள். வெயிலுக்காக அல்ல. குவாரி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, வெடி வைக்க யாரும் இல்லை. ஆனாலும் ஒரு மணியானால் கை தானாகக் கொக்கிக்குப் போகிறது. வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் காரணம் தெரியாமலே சாத்துகிறார்கள்.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். அதன் வரலாறு நீளமானதல்ல. ஒரு குன்று இருந்தது. குன்றுக்குக் கல்லை உடைக்கும் கிரஷர் ஒன்று வந்தது, கிரஷருக்கு ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்கு டீக்கடை வந்தது, டீக்கடை வாசலில் பஸ் நின்றது. பஸ் நின்றதும் அரசாங்கம் அதை ஊர் என்று ஒப்புக்கொண்டது. கல்வெட்டு ஏதாவது உண்டா என்று ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகள் கேட்டு வந்தார்கள். இருந்த கல்லையெல்லாம் ஜல்லியாக்கி அனுப்பிவிட்டோம் என்று சொன்னேன். ஓசூர்த் தொழிற்சாலைகள் பலவற்றின் தரைக்கு அடியில் எங்கள் குன்று படுத்திருக்கிறது.

வந்தவர்கள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசினார்கள். ஒரே வாக்கியத்துக்குள் மூன்றையும் பேசினார்கள். வெடி வைப்பதற்கு முன் சிவப்புக் கொடிக்காரன் விசில் ஊதி, மூன்று மொழியிலும் ஓடச் சொல்லிக் கத்துவான். சானமாவுக் காட்டிலிருந்து வரும் யானைகளுக்கு மட்டும் நான்காவது மொழி தேவைப்பட்டது. கிரஷரும் வெடியும் காதைத் தின்றுவிட்டதால் இங்கே எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். ரகசியம் என்பது எங்கள் ஊரில் நான்கு வீட்டுக்குக் கேட்கும் பேச்சு. பாத்திரத்தை அலமாரியின் விளிம்பில் யாரும் வைக்க மாட்டார்கள். இருமலுக்கு யாரும் விடுப்பு எடுத்ததில்லை. எடுத்திருந்தால் வேலைக்கு ஆள் இருந்திருக்காது.

குவாரி முடிந்த பிறகு பெரிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது. தக்காளித் தோட்டத்துக்காரர்கள் அதில் மோட்டாரை இறக்கினார்கள். பள்ளத்துக்கு மேலே இருந்த பாறைப் படியை மண் போட்டு நிரவி மனைகளாகப் பிரித்தார்கள். மனைப்பிரிவுக்கு மலையின் பெயரை வைத்தார்கள், மலையை எடுத்த பிறகு. ஜல்லி சுமந்தவர்களின் பிள்ளைகள் இன்று கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள்.

நான் அந்தக் குவாரியின் மேலாளராக இருந்தேன். சட்டம் கேட்கும் பதிவேடுகள் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தன. பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்து, மற்றவர்களுக்கு விதிமுறை எழுதித் தந்து, மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றேன். மனைப்பிரிவில் முதல் மனையை வாங்கியவன் நான். ஊர்ப் பாசம் என்றார்கள். கடைசி வெடி வைத்த இடத்திலிருந்து மிகவும் தள்ளி இருந்த மனை எது என்று நாடா பிடித்து அளந்துதான் வாங்கினேன்.

அந்தக் கடைசி வெடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திரி கொளுத்தி வெடிக்கும் குவாரியில் ஒரு விதி உண்டு. எத்தனை குழிகளுக்கு மருந்து வைத்தோமோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். இரண்டு பேர் எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலோ, இருவர் சொல்வதும் பொருந்தாவிட்டாலோ, ஒரு குழி வெடிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அரைமணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. பிறகு அந்தக் குழியைத் தேடி, ஓர் அடி தள்ளி இணையாக இன்னொரு குழி போட்டு, வெடித்து எடுக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தில் வேறு வேலை கிடையாது.

நான் காதால் எண்ணுவேன். பென்சிலில் கோடு கோடாகப் போடுவேன். எங்கள் வெடிக்காரர் அப்படி அல்ல. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் வெறுங்காலுடன் நின்று எண்ணுவார். அப்போதே அவருக்குக் காது பாதிதான். "காதுக்கு எதிரொலியும் ஒண்ணு, வெடியும் ஒண்ணு சார். காலை ஏமாத்த முடியாது" என்பார். நான் படித்தவன், சிரித்துக்கொள்வேன். பெரும்பாலும் எங்கள் எண்ணிக்கை பொருந்தும். பொருந்தாத நாட்களில், "ரெண்டு சேர்ந்து வெடிச்சிருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அப்படி நடப்பதும் உண்டு. அதுதான் அந்த வாக்கியத்தின் வசதி.

குத்தகையின் கடைசி நாளன்று பன்னிரண்டு குழிகள். என் தாளில் பன்னிரண்டு கோடுகள் இருந்தன. வெடிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே வந்து, "பதினொண்ணுதான் சார்" என்றார்.

விதிப்படி வேலையை நிறுத்த வேண்டும். மறுநாள் இணைக்குழி போட வேண்டும். மறுநாள் எங்களுக்குக் குத்தகை இல்லை. குத்தகை முடிந்த இடத்தில் வெடி வைத்தால் அது வேறு குற்றம். மாலை ஆறு மணிக்குள் உடைந்த கல்லை ஏற்றியாக வேண்டும், லாரிகள் வரிசையில் நின்றன. நான் பன்னிரண்டு என்று எழுதினேன். வெடிக்காரர் பேனாவை வாங்காமல் என்னையே பார்த்தார். "கையெழுத்துப் போடுய்யா. சிறப்பு அனுமதி வாங்கி நாளைக்கு நானே பக்கத்துல குழி போட்டு எடுத்துடறேன்" என்றேன். சிறப்பு அனுமதி என்று ஒன்று கிடையாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் சூளகிரிப் பக்கம் வேறு குவாரிக்குப் போய்விட்டார்.

அன்று மாலை முழுக்க ஆட்கள் அந்தப் பாறையில் கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு இரும்புச் சத்தத்தையும் எண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால், பன்னிரண்டு என்பதையே நாளடைவில் நம்பத் தொடங்கினேன். பாதி நம்பிக்கை. மீதிக்குத்தான் நாடா.

சென்ற மாசியில், வெடிக்காரரின் மருமகள், அந்தக் கடைசி வெடி வைத்த இடத்தில் விழுந்த கடைசி வரிசை மனையில் வீடு கட்டத் தொடங்கினாள். ஒரு காலத்தில் எங்களிடம் ஜல்லி சுமந்தவள், இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. சுவர் வரைக்கும் நான் பேசாமல் இருந்தேன். அஸ்திவாரம் நிரவிய மண்ணோடு நின்றுவிட்டது, பாறையைத் தொடவில்லை. ஒரு நாள் கம்ப்ரஸர் மாட்டிய டிராக்டர் வந்து நின்றது. செப்டிக் டேங்குக்குப் பாறையைத் துளைக்க வேண்டுமாம். துளைக்கிறவன் சுண்ணாம்பில் மூன்று புள்ளிகள் வைத்திருந்தான். அந்த இடத்தின் வரைபடத்தை வரைந்தவன் நான். மூன்றாவது புள்ளி அந்தக் கடைசி நாள் குழிகளின் வரிசையிலேயே விழுந்திருந்தது.

உண்மையைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் போனேன்.

"இதுக்கு வரைபட அனுமதி வாங்கினியாம்மா?"

"கக்கூசுக்குமா சார் அனுமதி?"

"எல்லையிலேர்ந்து இவ்வளவு தள்ளித்தான் தொட்டி இருக்கணும்னு விதி இருக்கு."

"உங்க வூட்டுத் தொட்டி எத்தினி அடி தள்ளி இருக்குது சார்?"

 என்னுடையது எல்லை மேலேயே இருக்கிறது. அவள் துளைக்கிறவன் பக்கம் திரும்பினாள். "சாரு ரிட்டயர்டு ஆயி எத்தினியோ நாளாச்சு தம்பி. அவரு ரூல்ஸ்தான் இன்னும் ரிட்டயர்டு ஆவல."

அவன் சிரித்தான். நல்லவேளை, அன்று கம்ப்ரஸரின் குழாய் கிழிந்திருந்தது. மாற்றிக்கொண்டு நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனான்.

மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் போய்க் கனிமவளத் துறை அலுவலகத்தில் கேட்டேன். மரியாதையான இளைஞர். பழைய கோப்பைத் தேடி எடுத்துப் புரட்டினார்.

"பன்னிரண்டு குழி, பன்னிரண்டும் வெடிச்சிருக்கு. ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒண்ணு உங்களுது சார்."

"அதில் சந்தேகம் இருக்கு."

"யாருக்கு?"

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "அன்னிக்குத் தப்பா எழுதினேன்னு நீங்க எழுதிக் குடுத்தா உடனே போலீசுக்குச் சொல்லி நிறுத்திடலாம். இல்லாம, பட்டா நிலத்துல தொட்டி தோண்டறவங்களை நான் எதை வெச்சு சார் நிறுத்தறது?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். தட்டச்சு செய்து நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுந்தேன். பஸ்ஸில் சட்டைப் பையிலிருந்த பேனா நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது. எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன, ஒன்று அந்தப் பாறைக்கு, இன்னொன்று அந்த வெள்ளைத்தாளுக்கு. எது பெரியது என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்னால் முடிவு செய்ய இயலவில்லை. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கம்ப்ரஸர் கிளம்பியது. வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டேன். முதல் புள்ளி. இரும்பு பாறையில் இறங்கும் சத்தம் மெல்லத் தடித்துக்கொண்டே போகும், ஆழத்தை அதிலேயே சொல்லிவிடலாம். நின்றது. இரண்டாவது புள்ளி. பழைய மருந்து சும்மா கிடந்து செத்துப்போவதும் உண்டு, ஆண்டுகள் ஏற ஏற முரண்டு பிடிப்பதும் உண்டு. மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மட்டும் எளிதில் சாவதில்லை. இதையெல்லாம் நான் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், படம் போட்டு.

இரண்டாவது நின்றதும் ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெடிக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எப்படி இங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அந்தக் குழி" என்றேன்.

"ஆ?"

"கடைசி நாள் குழி."

"எந்தக் குழி சார்?"

அவருக்கு இப்போது காது அறவே இல்லை. கம்ப்ரஸர் வேறு. நான் கத்த வேண்டியிருந்தது. "கடைசி நாள் வெடிக்காத குழி."

"அதான் நீங்க மறுநாளே எடுத்துட்டீங்களே."

"எடுக்கலய்யா."

"ஆ?"

"எடுக்கவே இல்ல. அங்கயே இருக்குது."

தெருவில் கதவுகள் திறந்தன. துளைக்கிறவன் கம்ப்ரஸரை நிறுத்தினான். அந்த அமைதியில் வெடிக்காரர் என் முகத்தைப் பார்த்தபடியே, மூன்றாவது புள்ளி அருகே மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்த மருமகளுக்குக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, மம்பட்டிய அப்படியே மெதுவா கீழ வெய்யி. வந்த வழியிலயே வா. புதுசா எங்கயும் கால் வெக்காத."

பதினைந்து அடி இருக்கும். அவள் தன் காலடித் தடங்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் பாதத்தைப் பொருத்தி வந்தாள்.  தெருவுக்கு வந்து சேர்ந்ததும் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. "எத்தினி நாளா தெரியும் சார்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றே எழுதிக் கொடுத்தேன், மூன்று பிரதிகள். வெடிகுண்டு அகற்றும் பிரிவினர் வந்து மண்ணைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கிப் பாறையைக் காட்டினார்கள். மூன்றாவது சுண்ணாம்புப் புள்ளி இருந்த இடத்திலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, களிமண் அடைத்த ஒரு குழி இருந்தது. எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வரிசை சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மற்ற இடங்களைப் பற்றித் தங்களால் சான்று தர முடியாது என்றும் எழுதினார்கள்.

மற்ற இடங்களைப் பற்றிக் கிருஷ்ணகிரி அலுவலக இளைஞரும் கேட்டார். மேசை மேல் என் பழைய பதிவேடுகள் எல்லாம் இருந்தன. அத்தனை ஆண்டுகளில் ஒரு குழிகூட வெடிக்காமல் போனதாக எங்கும் இல்லை. "இப்படி ஒரு குவாரிய நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். சேர்ந்து வெடித்ததாக எத்தனை முறை ஒப்புக்கொண்டேன் என்பது எனக்கு நினைவில்லை. வழக்கு வரலாம் என்கிறார்கள். வரட்டும், அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது.

வெடிக்காரர் என்னோடு பேசுவதில்லை. மருமகள் பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தொட்டிய வேற மூலையில போடணும் சார். அந்தத் தம்பி தோண்ட மாட்டேங்கறான். நீங்க பக்கத்துல நின்னா தோண்டறானாம்."

"நான் நின்னா என்னம்மா? அடியில என்ன இருக்குதுன்னு எனக்கும் தெரியாது."

"தெரியாட்டியும் நில்லுங்க."

போய் நின்றேன். அதற்குப் பிறகு தெருக்கோடியில் ஒருவர் வாசல் கேட்டுக்குக் கல் நட வேண்டும் என்று வந்து கூப்பிட்டார். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டிக்குக் கூப்பிட்டார். இப்போது எங்கள் ஊரில் நான் நிற்காமல் யாரும் பாறையைத் தொடுவதில்லை. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத நடைமுறை இது. என்னைக் கேட்காமலே வந்துவிட்டது.

துளைக்கிறவன் இரும்பைப் புள்ளியில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்க்கிறான். "போடலாமா சார்?" நான் பாறையைப் பார்க்கிறேன். மண்ணும் சுண்ணாம்பும்தான் தெரிகின்றன. போடு என்கிறேன். கம்ப்ரஸர் உறுமும்போது ஓர் அடி பின்னால் நகரத் தோன்றும். நகர முடியாது. வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் இரும்பைப் பார்ப்பதில்லை, என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.