என் வார்டில் நான் படுத்திருந்த நாட்கள்

கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொன்னதும், எத்தனை நாள் வார்டுக்கு வர முடியாது என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உடம்பைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையே சிஸ்டர் என்றார். உடம்பைப் பற்றி எனக்குத் தெரியும். கட்டி இருப்பதும், அது வளர்வதும், மாதாமாதம் நான் வெளிறிப்போவதும் தெரிந்தே தள்ளிப்போட்டு வந்தேன். தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ். இதே ஆபரேஷன் முடிந்து வந்த எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வைத்திருக்கிறேன். ஆறு வாரம் ஓய்வு என்று டாக்டரம்மா சொன்னபோது, அதைக் குறைக்க முடியாதா என்று பேரம் பேசினேன்.

என் வார்டில் என் கை படாமல் எதுவும் நடந்ததில்லை. மருந்து அலமாரிச் சாவி என் பையில் இருக்கும். யாருக்கு எந்தக் கட்டில், யாரை எப்போது எழுப்பி உட்கார வைப்பது, எந்த டாக்டருக்கு எந்த நேரத்தில் போன் செய்வது எல்லாம் என் வழியாகத்தான் போகும். என்னோடு வேலை பார்த்த பெண்கள் கெட்டிக்காரிகள். இருந்தாலும் எதைக் கேட்டாலும் "அக்கா வரட்டும்" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்தும் இருந்தது.

அவர்களில் மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்தவள் ஓடைப்பட்டிக்காரி. நரம்பே தட்டுப்படாத கையிலும் முதல் குத்திலேயே ஊசி ஏற்றிவிடுவாள். ஆனால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. டாக்டரிடம் பேச வேண்டுமென்றால் ரிசீவரை என் பக்கம் நீட்டிவிட்டு, நான் பேசி முடிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டாமவள் ஜெயமங்கலத்துப் பெண். வாய் ஓயாது. நோயாளியின் சொந்தக்காரர்கள் கூட்டமாகச் சண்டைக்கு வந்தாலும் சிரிக்க வைத்தே கீழே அனுப்பிவிடுவாள். மூன்றாமவள் குமுளிப் பக்கம். என்னைச் சேச்சி என்பாள், கோபம் வந்தால் முழுக்க மலையாளத்துக்குப் போய்விடுவாள்.

சாயங்காலம் கெங்குவார்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, வார்டை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே போவேன். மூத்தவள் என்பதற்காக எல்லாவற்றையும் ஓடைப்பட்டிக்காரி தலையில் வைத்தால் அவள் சொல்லாமலே திணறுவாள். கடைசியில் பிரித்தேன். மருந்தும், நோயாளிகளைக் கவனிப்பதும், டாக்டர்களோடு ரவுண்டு போவதும் அவளுக்கு. புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள், சொந்தக்காரர்கள், யாருக்கு என்ன டியூட்டி என்பதெல்லாம் ஜெயமங்கலத்துப் பெண்ணுக்கு. ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவதும் திரும்பி வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வதும் குமுளிக்காரிக்கு.

மூவரையும் உட்கார வைத்துச் சொல்லி முடித்துவிட்டு, "எதுன்னாலும் எனக்கு ஒரு போன் போட்ருங்க" என்றேன்.

ஓடைப்பட்டிக்காரி தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "நீங்க தியேட்டர்ல படுத்திருக்கையில யாருக்குக்கா போன் போட?"

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. எதை அவளாக முடிவு செய்யலாம், எதை டாக்டரிடம் கொண்டுபோகாமல் செய்யக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. வேலையைக் கொடுத்துவிட்டு முடிவை என் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டு அடங்கியிருக்கும் நேரத்தில் தினமும் கொஞ்சம் உட்கார்ந்து பேசினோம். அது எளிதாக இல்லை. கை பழகிச் செய்கிற காரியங்களுக்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஒருநாள் வார்டில் எங்கள் மேஜைக்கு நேர் எதிரே இருக்கும் கட்டிலைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஜெயமங்கலத்துப் பெண் கேட்டாள். இத்தனை வருஷம் பார்க்கிறாய், தெரியாதா என்றேன்.

"சிபாரிசுல வர்றவகளுக்குத்தான அக்கா? நாங்க அப்படித்தான் நெனச்சிருந்தோம்" என்றாள்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரொம்பப் பயப்படுகிறவர்களைத்தான் நான் அந்தக் கட்டிலில் போடுவேன். எந்த நேரம் கண்ணைத் திறந்தாலும் எதிரே மேஜையில் ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருப்பது தெரியும், மணியடித்துக் கூப்பிட வேண்டாம். இதைச் சொன்னதும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழகினேன். அவர்களும் கூச்சமில்லாமல் கேட்க ஆரம்பித்தார்கள். சில வழக்கங்களுக்கு எனக்கே காரணம் தெரியாது. அவற்றைக் கைவிட்டுவிட்டோம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தேன். நிர்வாகத்தில் தனி அறை தருவதாகச் சொன்னார்கள். வார்டிலேயே படுத்தால் எல்லாவற்றையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வேண்டாம் என்றேன். ஜெயமங்கலத்துப் பெண் என் பையை வாங்கிக்கொண்டு நேராக அந்தக் கட்டிலுக்குக் கூட்டிப்போனாள். எனக்கென்ன பயம், இதை வேறு யாருக்காவது கொடு என்றேன். அவள் பையைக் கட்டிலடியில் வைத்தாள். பின்னால் வந்த குமுளிக்காரி, "கையைப் பாருங்க சேச்சி" என்றாள். என் கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்றே தெரியவில்லை.

மறுநாள் காலை ஓடைப்பட்டிக்காரி எனக்கு ஊசி ஏற்ற வந்தாள். முதல் குத்திலேயே ஏறியது. பிளாஸ்திரி ஒட்டி முடித்த பிறகும் போகாமல், என் புறங்கையை ஒருதரம் தடவிவிட்டுப் போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கடுத்த நாள் எனக்குப் பாதி நினைவுதான். தெளிந்து சுற்றிலும் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. ஜன்னலோரக் கட்டிலில் டிரிப் முடியப்போகிறது, யாரும் பார்க்கவில்லையே என்று வாயைத் திறப்பேன். அதற்குள் ஒருத்தி போய் மாற்றிக்கொண்டிருப்பாள். மூலையில் ஒரு அம்மா முனகுகிறாள் என்று கழுத்தை நீட்டுவேன். ஜெயமங்கலத்துப் பெண் வந்து என் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டாள். பிறகு என்னை எழுந்து நடக்கச் சொன்னாள். வலிக்கிறது, சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, என் குரலிலேயே பேசினாள். "படுத்தே கெடந்தா யாரு வந்து ஒங்களுக்காக நடக்கப் போறா? எந்திரிங்க." அடுத்த கட்டில்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடந்தேன்.

அதே பெண்தான் மறுநாள் பேச்சு வாங்கினாள். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வேனில் வந்து இறங்கியிருந்தது. மண்டபத்திலிருந்து நேராகத் தங்கள் வீட்டு நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், தூரத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று கெஞ்சினார்கள். இவள் மனம் இளகி எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் ரவுண்டுக்கு வந்தார். வார்டு சந்தை மாதிரி இருந்தது. அவர் சத்தம் போட்டுவிட்டு, என் கட்டிலுக்கு வந்து, என்ன சிஸ்டர் இது, உங்கள் வார்டா இது என்று கேட்டார். யாரிடம் கொடுத்தேனோ அவளைக் கைகாட்டிவிட்டு நான் படுத்துக்கொள்ள முடியாது. பொறுப்பைக் கொடுத்தவள் நான்தான் சார், அவர்களே சரி செய்துவிடுவார்கள் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். என்ன செய்ய வேண்டும் என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கீழே லிஃப்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு, இரண்டிரண்டு பேராக மேலே அனுப்பலாம், வாட்ச்மேன் அண்ணனிடம் பேசிவிட்டேன் என்றாள். என் யோசனை வேறு. அவளுடையது அதைவிட நன்றாக இருந்தது.

அன்று மத்தியானம் ஒன்று நடந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தோட்ட வேலை செய்கிற ஒரு பெரியம்மா, ஆபரேஷன் முடிந்தும் கட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். நானாக இருந்தால் அதட்டியிருப்பேன். ஓடைப்பட்டிக்காரி பக்கத்தில் உட்கார்ந்து, சிக்குப் பிடித்த அவர் தலையில் எண்ணெய் வைத்து, வாரிப் பின்னிவிட்டாள். "ஆத்தா, கண்ணாடி அங்கன இருக்கு" என்று மட்டும் சொன்னாள். பெரியம்மா மெல்ல இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, கைகழுவும் இடத்துக் கண்ணாடி வரைக்கும் போய்த் தன்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

நான் வீடு திரும்ப வேண்டிய நாளுக்கு முன்தினம், காலையில் ஆபரேஷன் முடிந்து வந்த ஓர் இளம்பெண் எனக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தாள். மத்தியானம் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. தையலை மறந்து எழப் பார்த்தேன். வயிற்றில் சுரீரென்றது. நிமிர்ந்தபோது குமுளிக்காரி ஏற்கெனவே அவள் நாடியில் கை வைத்திருந்தாள். அவள் கண்காட்ட, இன்னொருத்தி கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினாள், ஆக்சிஜன் வந்தது. ஓடைப்பட்டிக்காரி பிரஷர் பார்த்துவிட்டு நேராக மேஜைக்குப் போய் ரிசீவரை எடுத்தாள். பழக்கதோஷத்தில் நான் கையை நீட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், நாடி ஏறிக்கிட்டே போகுது, பிரஷர் எறங்குது" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியாது. "இல்ல சார், ஓபி முடிச்சிட்டு வந்தா தாங்காது. இப்ப வாங்க. தியேட்டருக்கும் ரத்தத்துக்கும் நான் சொல்லிர்றேன்."

அவளுடைய குரலை அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. டாக்டர் படியேறி ஓடி வந்தார். அந்தப் பெண்ணைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள், பிழைத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அதன் பிறகுதான் ஓடைப்பட்டிக்காரி என் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாரையே எதுத்துப் பேசிட்டேன்க்கா."

"பேசுனா என்னத்தா. அந்தப் புள்ள பொழச்சிருச்சுல்ல."

அவளுடைய இரண்டு கையையும் என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் மேஜைப் பக்கம் பார்த்தபடியே இருந்தாள். ஒரு டிரிப் முடிகிற நேரம் வந்ததும் கையை உருவிக்கொண்டு எழுந்து போனாள்.

வீட்டில் ஓய்வாக இருந்த நாட்களில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் கூப்பிட்டார்கள். தையல் எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா, கனமாக எதையும் தூக்குகிறீர்களா என்று கேட்டார்கள். வார்டைப் பற்றி நானாகக் கேட்டால்தான் சொல்வார்கள். முதல் வாரம் மனத்தாங்கலாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர், "ஒன்னய யாரும் தேடலைன்னு வருத்தமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வந்து, ஆமாம் என்றேன்.

திரும்ப வேலைக்குப் போனதும் சாவியை நீட்டினார்கள். அன்றைய ஷிப்டில் மருந்து பார்க்கிறவளிடமே இருக்கட்டும் என்றேன். பிரித்துக் கொடுத்த எதையும் திரும்ப வாங்கவில்லை. கொஞ்ச நாள் வார்டுக்குள் எங்கே நிற்பது என்றே தெரியாமல் சுற்றினேன். பிறகு ஷிப்ட் முடியும்போது ஒவ்வொருத்தியோடும் கட்டில் கட்டிலாகப் போய், என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பதை என் வேலையாக்கிக்கொண்டேன். தவறு தென்பட்டால் அங்கேயே, நோயாளி காதில் விழாமல் சொல்வேன். நன்றாகச் செய்திருந்தால் நோயாளி காதில் விழும்படி சொல்வேன்.

அடுத்த வருஷம் கம்பத்தில் ஒரு புதிய மருத்துவமனையில் இன்சார்ஜ் வேலைக்கு ஓடைப்பட்டிக்காரியைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு வீட்டுப் பக்கம். பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். என்னிடம் சொல்லத் தயங்கி, ஒருநாள் வார்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். "நீங்க வேணாம்னா நான் போகலக்கா." வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மறுநாள் நானே அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து, இவளைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்காது என்று சொன்னேன்.

கடைசி நாளும் அவள் டியூட்டியை மற்ற நாள் போலவே ஒப்படைத்தாள். ஒவ்வொரு கட்டிலாக, யாருக்கு என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டிலில் சொன்னதையே திரும்பச் சொன்னாள். குமுளிக்காரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கீழே வரைக்கும் கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டேன்.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு பெட்டி பன்னீர் திராட்சை வந்தது. வார்டுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கழுவி, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்துப் பங்கு வைத்தாள் ஜெயமங்கலத்துப் பெண். இரண்டு வருஷமாக எனக்குச் சர்க்கரை. அதனால் எனக்கு வந்தது ஒரு சின்னக் கொத்துதான். இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன். தரவில்லை.