அத்தைக்கு இரண்டு வழி

“கம்ப்யூட்டருக்கே நீ பேச்சுப் பழக்கப் போறியாக்கும்?”

நேற்று அம்பாசமுத்திரத்தில் பேருந்துக்கு நிற்கும்போது, பஞ்சர் கடையிலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. உடனே முதலாளி அண்ணாச்சி என்றோ கேட்ட இந்தக் கேள்வியும் வந்துவிட்டது. அப்போது பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகம் ஒரு பஞ்சர் கடைக்கு மேல்மாடி. முதல் சம்பளத்தில் எடுத்த சுடிதாரிலும் இதே வாடைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. வாடையையும் சென்ட் மாதிரிதான் சுமந்து திரிந்தேன்.

திருமணத் தகவல் நிலையங்களுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். பெயர், வயது, படிப்பு எல்லாம் அட்டவணையில் இருக்கும். பெற்றோர், பிள்ளைகள் விவரம் மரம்போலக் கிளை விரிக்கும். யாருக்கு யார் என்ன முறை என்பது வலையாகப் பின்னிக் கிடக்கும். மூன்றிலிருந்தும் தகவல் எடுக்க மூன்று கணினி மொழிகள். ஒரே மொழி போதும், அதை நானே உருவாக்குவேன் என்பது என் பிடிவாதம்.

சோதிப்பதற்கு எங்கள் குடும்பத்தையே ஏற்றினேன். அம்மா கட்டியது அத்தை மகனை, அத்தையேதான் மாமியார். மரத்துக்கு இது விளங்கவில்லை. ஒரே ஆள் தவறாக இரண்டு முறை பதிவாகியிருப்பதாக எண்ணி, மாமியாரை அழித்துவிட்டது. வீட்டில் வந்து சொன்னேன்.

“எங்க மாமியாரையா? என்னால முடியாததச் செஞ்சிருக்கே! நல்ல மிஷின்லா, ஏட்டி!” என்றாள் அம்மா.

நம் ஊர்க் கல்யாண வீட்டில் புது முகத்தைப் பார்த்தால், “எந்த வழியில சொந்தம்?” என்றுதானே கேட்கிறோம்? அந்த ‘வழி’யையே என் மொழியின் முக்கியச் சொல்லாக்கினேன். அட்டவணையோ மரமோ வலையோ, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அந்த ஒரு சொல் போதும். அத்தை பிழைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பைய ஓட்டிக் காட்டும்மா.”

காட்டினேன். சில வாரத்தில் அந்த மொழியைச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். எங்கும் என் பெயர் இல்லை. கேட்டேன்.

“ஒம் பேரு எதுக்கும்மா? சம்பளம் வாங்குதேல்லா?”

வாங்கியவர்கள் முதலில் ‘வழி’யை எடுத்துவிட்டு ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டார்கள். பிறகு மொழியையே மூலையில் போட்டார்கள்.

அந்த மாடி இப்போது செல்போன் கடையின் குடோன். கீழே பஞ்சர் கடையும் இல்லை. அண்ணாச்சி மட்டும் இங்கே வண்ணார்பேட்டையில் எதிர்ப்பட்டால், “நம்ம ஆபீஸ்ல உருவான பிள்ள” என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறார். சிரித்து வைப்பேன்.

நேற்று அந்த வாடையோடு வீட்டுக்கு வந்து, தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்த காரியத்தை முடித்தேன். அந்த அலுவலகத்தில் எழுதிய ஒரு வரியையும் தொடாமல் புதிதாக எழுதிய மொழியை, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றிவிட்டேன். முதல் பக்கத்தில் என் பெயர். அதன் கீழே முதல் உதாரணம், அம்மாவிலிருந்து அவள் அத்தைக்கு வழி கேட்பது. பதில் வருகிறது: ஆள் ஒன்று, வழி இரண்டு.