லெம்பேட் என்ற பெயர் எங்களுக்கு வந்த வழி

அப்பா இடுப்பில் கை வைத்தால் முதலில் பூட்டு 'கிளிக்' என்னும். பிறகு காற்சட்டை வளையங்களுக்குள்ளால் தோல் உருவப்படும் நீண்ட சரசரப்பு. ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில், எங்கள் ஏழாம் மாடி வீட்டில், அந்த இரண்டு ஓசைகளுக்கும் இடையில் நானும் அண்ணாவும் எந்த அறைக்குள் ஓடுவதென்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பெல்ற்றடி'.

எனக்குப் பத்து வயதானபோது, குடும்பப் பெயரின் வரலாற்றை எழுதிவரும்படி ஆசிரியை வகுப்பு முழுவதற்கும் சொன்னார். என் பெயரைக் கண்டு முகம் மலர்ந்தார். லெம்பேட் பிரெஞ்சுக் குடும்பப் பெயர், 'நாடு', 'ஒளி' என்ற இரண்டு பழைய ஜெர்மானியச் சொற்கள் சேர்ந்து வந்தது, அப்பெயருடைய ஆயர் ஒருவர் கொலையுண்டு புனிதரானார் என்று கணினியில் பார்த்துச் சொன்னார். பிறகு, உன் முன்னோர் பிரெஞ்சுக்காரர்களா என்று கேட்டார். வகுப்பிலேயே கறுத்தவள் நான்தான், எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். முள்ளெடுத்துக்கொண்டிருந்த மீனைத் தட்டில் வைத்தார்.

"அது பேரில்லை, பிள்ளை. அது என்ரை அப்பு."

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார்கள். அப்பாவின் பெயர் சூசைதாசன். ஒஸ்லோவில் வந்திறங்கிய அன்று பொலிஸ்காரர் குடும்பப் பெயரைக் கேட்டிருக்கிறார். "தேப்பன்ரை பேரைக் கேக்கிறானாக்கும் எண்டு நினைச்சு லெம்பேட் எண்டனான். அவன் அதையே என்ரை தலையிலை எழுதிப்போட்டான்."

அதோடு விட்டிருக்கலாம். பதினான்கு வயது அண்ணா விடவில்லை. "அப்புவும் அடிக்கிறவரோ?"

அப்பா சட்டைக் கையைச் சுருட்டி இடது முழங்கையைக் காட்டினார். அது முழுதாக நீளாது. லெம்பேட் பனைமட்டையால் அடித்து எலும்பு முறிந்த கை. மூன்று நாள் வைத்தியரிடம் கொண்டுபோக விடவில்லையாம். லெம்பேட்டுக்கு அந்தப் பெயர் வந்ததும் அடியோடுதான். அவர் பிறந்த தீவின் கோவிலில் இருந்த பிரெஞ்சுச் சுவாமியார் ஞானஸ்நானத்தின்போது தன் சொந்தக் குடும்பப் பெயரையே அந்தக் குழந்தைக்கு வைத்தார். பூசைக்கு வராத பிள்ளைகளைக் கோவில் வாசலில் பிரம்பால் வெளுத்தவரும் அவரே. "தன்ரை பேரை வைச்சிருக்கிறவன் பிழை விடக்கூடாதெண்டு அப்புவுக்குத்தான் கூட அடி" என்றார் அப்பா.

"காணும், சாப்பிடுங்கோ" என்று பேச்சை நிறுத்தினார் அம்மா.

நான் எல்லாவற்றையும் நொர்வேஜிய மொழியில் ஒரு பக்கத்தில் எழுதினேன்: பிரம்பு, பனைமட்டை, கடைசி வரியில் எங்கள் பெல்ற். எதையும் கூட்டவில்லை. அண்ணா வாசித்துவிட்டுத் தாளைப் பறித்தான். "விசரி, இதைக் குடுத்தா பார்னவேர்ன் வரும். உன்னை ஒரு வீட்டிலை, என்னை இன்னொரு வீட்டிலை விடுவாங்கள்." பிள்ளைகளை அடிக்கும் வீடுகளுக்குள் அந்த அரச அலுவலர்கள் வருவார்கள் என்பது எங்கள் கட்டடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தாளுக்காக நாங்கள் கத்திய கத்தலில் அப்பா வந்தார். என்ன எழுதியிருக்கிறாய், தமிழில் சொல் என்றார். சொன்னேன், கடைசி வரி வரைக்கும்.

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவதில் பூட்டு என் புருவத்தைக் கிழித்தது; இரத்தம் கண்ணுக்குள் இறங்கியதால் மூன்றாவது எங்கிருந்து வந்ததென்று நான் பார்க்கவில்லை. நான்காவதுக்கு முன் அண்ணா அந்த வளைந்த கையைப் பிடித்து முறுக்கித் தள்ளினான். அப்பா கண்ணாடி அலுமாரியில் போய் மோதினார். கண்ணாடி உடைந்து அவருடைய உள்ளங்கை பிளந்தது.

"காணும், லெம்பேட்" என்றான் அண்ணா.

தபால்காரரும் வேலையிடத்து மேலாளரும் நாள்தோறும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். தமிழில், வீட்டுக்குள், ஒருவரும் அழைத்ததில்லை. பெல்ற் பிடித்திருந்த அப்பாவின் கை தானாகத் தாழ்ந்தது. அம்மா விளக்குமாறு எடுத்து வந்து, யாரையும் பார்க்காமல், கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினார்.

அந்தத் தாளை அண்ணா கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் அடித்தான். மறுநாள் நான் கொடுத்த தாளில் நாடு, ஒளி, கொலையுண்ட புனிதர் ஆகியவை மட்டுமே இருந்தன. புருவத்துக்குப் பனியில் வழுக்கிய கதை சொன்னேன். ஆசிரியை ஒரு நட்சத்திரம் ஒட்டினார். எங்களை யாரும் பிரிக்கவில்லை. அடி அதோடு நின்றதா என்றால், நிற்கவில்லை. அண்ணா வளர வளரக் குறைந்தது.

சென்ற ஆண்டு அண்ணாவுக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு அந்தப் பெயர் போகக்கூடாதென்று, அவன் தன் குடும்பப் பெயரை ரீத்தா என்று மாற்றிக்கொண்டான். அது அம்மாவின் பெயர். செய்தி கேட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பேரை மாத்தேலுமே?"

"ஓம்."

"ஆரும் ஏனெண்டு கேக்கமாட்டினமே?"

விண்ணப்பத்தைக் கைபேசியில் திறந்து கொடுத்தேன். ரீத்தா என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். சமையலறையிலிருந்து அம்மா சொன்னார்: "என்ரை பேரை வைச்சுக்கொண்டு இனி ஒருத்தருக்கும் கை ஓங்கேலாது, சொல்லிப்போட்டன்." அப்பா விரலால் அழுத்தி அனுப்பினார். "இவ்வளவுதானே?" என்று என்னைக் கேட்டார். மீண்டும் கேட்டார்.

ரொம்சோஸ் வீட்டுக் கதவில் லெம்பேட் என்ற பெயர்த் தகடு இப்போது இல்லை. அம்மா கரண்டிக் காம்பால் நெம்பிக் கழற்றிவிட்டார். "நீயும் மாத்தன், பிள்ளை" என்கிறார் அப்பா. நான் மாற்றவில்லை. நாளிதழில் நான் எழுதும் செய்திகளுக்கு மேலே அந்தப் பெயர்தான் வருகிறது. மேசையில் அந்த நாளிதழ் விரிந்து கிடந்தால், அப்பா பெயர் தெரியாதபடி மடித்து வைக்கிறார்.