டிஃபரன்ஷியல் போன கார்

என் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தேயிலை விலை சரிந்து, கொழுந்து பறிக்கிற கூலிக்கே கட்டாமல் எங்கள் மலையூர் அரவேணுவில் தோட்டங்கள் புதர் மண்டிக் கிடந்த காலத்தில், அதற்குக் காரணமும் அவர் கையில் தயாராக இருந்தது. ஒரு நாள் ரஷ்யாக்காரன், மறுநாள் இலங்கைத் தேயிலை. தோட்டத்துக்குள் இறங்கிப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் இருந்ததில்லை.

அவர் மகளைக் கோயம்புத்தூரில் நர்சிங் சேர்க்க வேண்டும். அதற்காக விற்க மிச்சமிருந்தது பழைய கார் ஒன்றுதான். மேட்டுப்பாளையத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். விடிந்ததும் அவள்தான் காரைக் கழுவித் துடைத்தாள். டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை அண்ணன் எடுத்து டிக்கிக்குள் போட்டார். நான் துணைக்குப் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

முதல் வளைவிலேயே ஏதோ கடகடவென்று உருண்டு டொம் என்றது. "வீல் பேரிங்," என்றார். அடுத்த வளைவில் அது ஷாக் அப்சார்பர் ஆனது. அதற்கடுத்ததில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் காது கொடுத்துக் கேட்டார். நின்ற வண்டி எப்படிச் சத்தம் போடும்?

"திரும்பறப்பத்தான வருது? டிஃபரன்ஷியல் போயிருச்சு."

"ஏனுங்ண்ணா, எம்பட முதுகுக்குப் பின்னாலதானுங்க கேக்குது."

"டிஃபரன்ஷியல்னா பின் சக்கரத்தத் திருப்பற பல்சக்கரப் பெட்டி, பின்னாலதான் இருக்கும் அம்மிணி. தெரியாததெல்லாம் பேசாத."

கல் ஞாபகம் எனக்கும் வரவில்லை. கல் இல்லாத டிக்கி எங்கள் ஊரில் ஏது?

மேட்டுப்பாளையத்துக் கடைவீதியில் கோலிக்குண்டை வைத்தாலும் உருளாது. அங்கேயும் அண்ணன் இறங்கியதும் டிக்கியைத் திறந்து, கல்லை எடுத்துப் பின் டயருக்கு வைத்தார். மலைக்காரன் கைக்கு மேடும் தெரியாது, சமதளமும் தெரியாது.

கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "மறைச்சு விக்கற பழக்கம் நம்மகிட்ட இல்லீங்க. டிஃபரன்ஷியல் போச்சுங்க."

இதை நேர்மை என்று பின்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். நேர்மையாவது ஒன்றாவது. கண்டுபிடித்ததைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். கடைக்காரர் பேசிய விலையில் பாதிக்கு இறங்கினார். அண்ணன் பெருமையாகத் தலையாட்டிச் சாவியைக் கொடுத்தார்.

கடைக்காரர் கல்லைக் காலால் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார். வீதி முனை வரை போய், வளைத்துத் திருப்பி, எங்கள் முன்னாலேயே இன்னொரு வட்டம் அடித்தார். ஒரு சத்தமும் இல்லை.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது," என்று சிரித்தபடி கடைக்குள் போனார்.

ரோட்டில் கல் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அண்ணன் மகள் நர்சிங் சேரவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். புள்ளைய ஏன் படிக்க வைக்கவில்லை என்று யாராவது கேட்டால், அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார்:

"ரஷ்யாக்காரன் டீத்தூள் வாங்கறத நிறுத்திப்போட்டானுங்க."