பினெஸ் வாரமும் வெட்டு கேஸும்

மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டாக்டராக இருந்தபோது, கூலித் தகராறு முற்றிய ஓர் அறுவடையில், என் கவனக்குறைவால் ஒருவர் செத்துப்போனார். அதைச் சொல்லுமுன் பிரிட்ஜ் சீட்டாட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

வக்கீலான என் கணவர்தான் கிளப்பில் எனக்கு ஜோடி. நான் புத்தகம் வைத்துக் கற்றேன். அத்தியாயத்துக்கு ஒரு உத்தி, வாரத்துக்கு ஒரு அத்தியாயம். ராஜா எந்த எதிராளியிடம் இருக்கும் என்று ஊகித்துத் துணிந்து ராணியை இறக்குவதற்குப் பெயர் பினெஸ். பினெஸ் வாரத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தில்கூட நான் தோற்கவில்லை. ஆனால் கிளப்பில், எதிராளிகளின் துருப்புச் சீட்டுகளை முதலில் உருவியிருக்க வேண்டிய ஆட்டத்திலும் ராணியை இறக்கினேன். ராஜா வந்து முழுங்கிவிட்டது. என் கணவர் மேஜையிலிருந்த சீட்டுகளை வாரி என் முகத்தில் வீசினார்.

"அறிவிருக்கா உனக்கு? எதுக்கெடுத்தாலும் பினெஸா?"

நான் என்ன லேசுப்பட்டவளா? காப்பி டம்ளரை விட்டெறிந்தேன். அவர் நெற்றி கிழிந்தது. தையலும் நானே போட்டேன், மரத்துப்போக ஊசி போடாமல்.

ஆனால் மனுஷன் சொன்னது நிஜம். பக்கத்தின் தலையிலேயே 'பினெஸ்' என்று போட்டிருந்தால் குரங்குகூட ஆடும். மறுநாள் கத்தரிக்கோலை எடுத்துப் புத்தகத்தைத் துண்டு துண்டாக்கினேன். தலைப்புகளைக் குப்பையில் போட்டு, ஆட்டங்களைப் பிஸ்கட் டின்னில் கலந்து, கைக்கு வந்ததை எடுத்து ஆடினேன். முதல் மாதம் எல்லாம் தப்பு. ஆத்திரத்தில் டின்னை எட்டி உதைத்திருக்கிறேன். பிறகு மெல்ல மெல்ல, சீட்டுகளைப் பார்த்ததுமே இது எந்த ரகம் என்று பிடிபட ஆரம்பித்தது. கிளப்பில் என்னைக் கண்டு பயந்தார்கள். எனக்குக் கர்வம் தலைக்கேறியது.

அந்த அறுப்புக்கு ஒரு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். உள்ளூர் ஆட்கள் வரப்பில் மறித்தார்கள். காலை பத்து மணிக்குள் அரிவாளும் தடியும் புகுந்து விளையாடிவிட்டன. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் ரத்தம். வெட்டு, வெட்டு, வெட்டு. தைத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னொரு வெட்டு கேஸ்ங்கம்மா," என்று கம்பவுண்டர் ஒருவரைக் கொண்டுவந்தார். முழங்கையில் ஆழமான வெட்டு.

"வயிறு ஒரு மாதிரியா வலிக்குது டாக்டரம்மா," என்றார் அவர்.

"பயம்தான். அசையாம இரு."

அழகாகத் தைத்துப் படுக்க வைத்தேன். விலாவில் விழுந்த தடியடியில் உள்ளே மண்ணீரல் கிழிந்திருந்தது. வயிற்றின் மேலே ஒரு கீறல் இல்லை. நான் வயிற்றில் கை வைத்தபோது மணி மூன்று. கல்லாக இறுகியிருந்தது. தஞ்சாவூருக்கு அனுப்ப ஜீப் வருவதற்குள் போய்விட்டார். கம்பவுண்டர் வைத்த 'வெட்டு கேஸ்' என்ற தலைப்பை நம்பினேன், பாவி. சீட்டில் வந்த புத்தி ஆளிடம் வரவில்லை.

அவர் மனைவி சேறு காயாத காலோடு ஓடிவந்தாள்.

"வெட்டு கையிலதானேம்மா? அப்புறம் எப்படிம்மா போனாரு?"

"ரத்தம் நிறையப் போயிடுச்சும்மா," என்றேன்.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.